ஜாப் கார்டில் தொடங்கும் வழக்கு

புது வண்டி எடுத்த சில மாதங்களுக்குள் ஒரே கோளாறுக்காக நாலைந்து தடவை சர்வீஸ் சென்டரில் போய் நிற்க வேண்டியிருந்தால், ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஷோரூமுக்குப் போய்ச் சத்தம் போடுகிறார். அல்லது ஒரு வக்கீலைப் பார்த்து, புது வண்டி கொடு, கூடவே பத்து லட்சம் நஷ்டஈடு கொடு என்று நோட்டீஸ் விடுகிறார். கோபம் நியாயமானதுதான். ஆனால் நோட்டீஸ் போகும் நாளில் கையில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த நோட்டீஸுக்கு மதிப்பு. பழுதான வண்டி வழக்கில் வாங்கியவருக்குக் கிடைக்கக்கூடிய வலுவான சாட்சி, எதிர்த்தரப்பே எழுதிக் கையெழுத்திட்ட ஜாப் கார்டு. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய நிலையில், என்ன குறை சொல்லி வண்டி உள்ளே வந்தது, என்ன செய்து வெளியே அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே குறையைச் சொல்லும் ஐந்து ஜாப் கார்டுகள் வரிசையாக இருந்தால், ஐந்து முறை பார்த்தும் சரிசெய்ய முடியவில்லை என்பதை டீலரே ஒப்புக்கொண்டதாகிறது. வழக்கின் மற்றப் பகுதிகள் எல்லாம் இந்த அடுக்கின் மேல்தான் நிற்கின்றன. எனவே இந்த அத்தியாயம் நுகர்வோர் ஆணையத்தின் வாசலுக்கு வருமுன் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழைய 1986 சட்டத்தின் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்திலோ திறனிலோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய அளவுக்குக் குறைவு எதுவிருந்தாலும் அது குறைபாடு என்கிறது அந்தச் சட்டம். 39ஆம் பிரிவின்படி ஆணையம் குறையை நீக்கச் சொல்லலாம், பொருளை மாற்றித்தரச் சொல்லலாம், விலையைத் திருப்பித்தரச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம். படித்தவுடன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் சுசீல் குமார் கப்கோத்ரா என்பவருக்கும் நடந்த வழக்கில், 2006இல், முழு வண்டியையும் மாற்றித்தர வேண்டும் என்ற கீழ் உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டியில் கம்பெனி கொடுத்த வாக்கு குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது வரைதான். எனவே பாகத்தை மாற்றினால் போதும் என்றது. அதே நீதிமன்றம் 2004இல், ஜோஸ் பிலிப் மாம்பிள்ளில் வழக்கில், குறையுள்ள காரைப் புதுக் காராக விற்றது வெட்கக்கேடு என்று பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைக் கடிந்துகொண்டது. 2022இல் ஹூண்டாய் கம்பெனியின் மேல்முறையீட்டில், விபத்தின்போது ஏர்பேக் விரியாத கிரெட்டா காரை மாற்றித்தரச் சொன்ன உத்தரவை உறுதிசெய்தது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு கோடு தெரிகிறது. கோளாறு ஒரு பாகத்தோடு நிற்கக்கூடியதா, அந்தப் பாகத்தை மாற்றினால் வண்டி சரியாகிவிடுமா என்பதே முதல் கேள்வி. ஆம் என்றால் பாகம் கிடைக்கும், கொஞ்சம் இழப்பீடும் கிடைக்கும். இல்லை, மாற்றிப் பார்த்தும் தீரவில்லை, அல்லது உயிரைக் காக்க வேண்டிய கருவியே வேலை செய்யவில்லை என்றால்தான் முழு வண்டியையோ விலையையோ கேட்கும் தளம் உருவாகிறது. மாற்றிப் பார்த்தும் தீரவில்லை என்று எப்படிக் காட்டுவது? திரும்பவும் ஜாப் கார்டுதான்.

அந்த ஜாப் கார்டு ஒழுங்காக எழுதப்படுவதில்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். வண்டி வைத்திருப்பவர் 'பிக்கப் இல்லை, ஒரு மாதிரி சத்தம் வருது' என்கிறார். சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் 'ஜெனரல் செக்கப்' என்று தட்டிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து ஆணையத்தில் அந்தத் தாள் வாங்கியவருக்கு எதிராகவே பேசும்: வழக்கமான சர்வீஸுக்குத்தான் வந்தார், குறை எதுவும் சொல்லவில்லை. எனவே குறையைச் சொல்லும்போதே சூழலோடு சொல்ல வேண்டும். மூன்றாவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏசி ஓடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது; காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் எஞ்சின் வார்னிங் விளக்கு எரிகிறது. இப்படிச் சொன்னால் எழுதுகிறவருக்கும் வேறு வழியில்லை. போன தடவை சொன்ன அதே வார்த்தைகளில் சொல்வது இன்னும் நல்லது. குறை மீண்டும் வந்தது என்பது வாசிக்கிறவருக்கு ஒரே பார்வையில் புரியும். 'சோதித்தோம், குறை எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாலும் அந்தத் தாளை வாங்கி வையுங்கள். அடுத்த வாரமே அதே குறையோடு வண்டி திரும்பினால், அந்த வரி அவர்களுடைய சோதனையின் லட்சணத்தைத்தான் காட்டும். வண்டியை எடுக்கும்போது 'வேலை திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போடாமல் சாவி தர மாட்டேன் என்றால், கையெழுத்துக்கு மேலே 'ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்' அல்லது 'குறை தீரவில்லை' என்று பேனாவால் எழுதிவிட்டுப் போடலாம். வாரண்டியில் செய்த வேலைக்குப் பணம் இல்லையென்பதால் பில் தேவையில்லை என்பார்கள். பூஜ்ய ரூபாய் பில்லையும் கேட்டு வாங்குங்கள், என்ன பாகம் மாறியது என்பது அதில்தான் இருக்கிறது. நகல் தர மறுத்தால், அன்றைக்கே டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல்: இன்ன தேதியில், இத்தனை கிலோமீட்டரில், இன்ன குறைக்காக வண்டியை விட்டேன், நகல் கிடைக்கவில்லை. வந்து வந்து போகும் குறையென்றால், ஓடோமீட்டர் தெரிய ஒரு வீடியோ. வீடியோவையும் வாட்ஸ்அப் பேச்சையும் சாட்சியமாக வைக்கும்போது, பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இணைத்துவிட்டால் பிறகு வாய்ச்சண்டை குறையும்.

வடசென்னையில் வண்டி ஓட்டுபவருக்கு எதிராகக் கம்பெனி வக்கீல் எடுக்கும் வாதங்கள் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தவை. கடலோர உப்புக் காற்று துருவைக் கொண்டுவந்தது. கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலையில் சஸ்பென்ஷன் அடிபட்டது. மணலி, எண்ணூர் பக்கத்துப் புகையும் தூசியும் ஏர் ஃபில்டரை அடைத்தன. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சினில் தண்ணீர் ஏறியது. கலப்பட டீசல் போட்டதால் இன்ஜெக்டர் போனது. இவற்றில் சில சமயம் உண்மையும் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதியில் வெள்ளம் தேங்கியது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டது. அதில் நின்ற வண்டிக்கு அதற்குப் பிறகு வரும் எந்தக் கோளாறுக்கும் கம்பெனி அந்த வாரத்தையே சுட்டிக்காட்டும். இதற்கு மறுமொழி தேதிகளில் இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்பே அதே குறை ஜாப் கார்டில் பதிவாகியிருந்தால் வெள்ளம் காரணமாகாது. வாங்கிய நாள் முதல் ஒரே பெட்ரோல் பங்கில் ரசீதோடு போட்டிருந்தால், அதே பங்கில் போடும் மற்ற வண்டிகள் எல்லாம் நன்றாக ஓடும்போது எரிபொருள் வாதம் தளரும். உப்புக் காற்று வாதத்துக்கு வேறுவிதமான பதில் உண்டு: சென்னையில், கடற்கரையை ஒட்டிய ஷோரூமில், கடற்கரையில் குடியிருப்பவருக்கு விற்ற வண்டி கடற்காற்றைத் தாங்க வேண்டும் என்பது விற்பனையிலேயே அடங்கிய உறுதி. துறைமுகத்தில் ஏற்றுமதிக்காக வரிசையாகக் கார்களை நிறுத்திவைக்கும் தொழிலுக்கு உப்புக் காற்று தெரியாத விஷயம் அல்ல. ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வாரண்டிக் காலத்தில் தெருமுனை மெக்கானிக்கிடமோ, ஹாரன், மியூசிக் சிஸ்டம், கூடுதல் விளக்கு பொருத்தும் கடையிலோ வயரிங்கை வெட்ட விடாதீர்கள். மின்கோளாறு வழக்கில் வெட்டி ஒட்டிய ஒரு வயர் போதும், கம்பெனி தப்பித்துக்கொள்ள.

அடுத்து வரும் மறுப்பு: உற்பத்திக் குறை என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும், கார் ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும்? சட்டத்தின் 38ஆம் பிரிவே, சோதனையில்லாமல் முடிவுசெய்ய முடியாத குறையென்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்கிறது. அறிக்கை 45 நாளில் வர வேண்டும், கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. தேவைப்பட்டால் பொறியியல் கல்லூரிகளின் ஆட்டோமொபைல் துறை ஆசிரியரை ஆணையராக நியமிக்கவும் மனுச் செய்யலாம். ஃபியட் காரின் எஞ்சின் சத்தம் தொடர்பாக பெங்களூரைச் சேர்ந்த அனந்தராம் தொடர்ந்த வழக்கில், சார்பற்ற தொழில்நுட்ப நிபுணர் பார்க்கட்டும், உற்பத்திக் குறை என்று அவர் சொன்னால் விலையைத் திருப்பிக் கொடுங்கள் என்ற வழியைத்தான் 2010இல் உச்ச நீதிமன்றம் காட்டியது. ஆக, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ளே ஒளிந்திருக்கும் குறைக்கு நிபுணர் கருத்து இல்லாமல் போவது சூதாட்டம். ஆனால் எல்லாக் குறைக்கும் இது வேண்டியதில்லை. ஹூண்டாய் வழக்கில், முன்பக்க மோதலின் விசை ஏர்பேக் விரியும் அளவுக்கு இல்லை என்று கம்பெனி வாதித்தபோது, வேகத்தையும் விசையையும் கணக்கிட வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தை நீதிமன்றம் எடுத்தது. நடந்ததே குறையைச் சொல்கிறது என்றால் ஆய்வகம் எதற்கு? என் பார்வையில் எளிய அளவுகோல் இதுதான்: மூன்று முறை ஒரே பாகத்தை மாற்றியதற்கு ஜாப் கார்டு இருந்தால் நிபுணர் கூடுதல் பலம், ஒரே ஒரு ஜாப் கார்டுதான் இருக்கிறது என்றால் நிபுணர் இல்லாமல் போகாதீர்கள். நிபுணர் சோதனைக்கு விண்ணப்பிக்கும் வரை வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றவும் விடாதீர்கள். கழற்றிய எஞ்சினைப் பார்த்து எந்த நிபுணரும் உறுதியாக எழுத மாட்டார்.

வடசென்னைக்காரர்கள் அதிகம் வழுக்கி விழுவது வேறோர் இடத்தில்: வண்டி வாங்கியவர் நுகர்வோரா, இல்லையா? காசிமேட்டில் மீன் ஏற்றும் குட்டி யானை, சுங்கச்சாவடியில் சவாரி பிடிக்கும் ஷேர் ஆட்டோ, துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர், கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஓடும் கார் என்று இங்கே வண்டியே பிழைப்பு. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொல்கிறது. அதனால் பிழைப்புக்கு வண்டி வைத்திருப்பவரின் புகாரை முதல் வாய்தாவிலேயே தள்ளச் சொல்லி எதிர்த்தரப்பு மனுப்போடுவது வழக்கம். ஆனால் அதே பிரிவில் ஒரு விளக்கமும் உண்டு: சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் தேடுவதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. இந்த விளக்கத்துக்கு இன்றுவரை அடித்தளமாக நிற்பது நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தயாரித்த ஓர் எந்திரத்தைப் பற்றிய வழக்கு. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த அதில் 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர், லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர், ஓரிரு உதவியாட்களை வைத்துக்கொண்டதால் அந்தத் தகுதி போகாது, முழுக்க முழுக்க இன்னொருவரிடம் கொடுத்து ஓட்டவைப்பவர்தான் வெளியே போகிறார். ஒரு டிரெய்லர் வைத்துத் தானே ஓட்டி, உடம்பு முடியாத நாளில் ஆக்டிங் டிரைவரைப் போடுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. நான்கு டிரெய்லர் வைத்து நான்கு டிரைவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது காலவிரயம்.

தகுதி இருப்பது வேறு, அதைப் புகாரில் எழுதுவது வேறு. 'புகார்தாரர் தன் வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழிலாக இந்த வண்டியைத் தானே ஓட்டுகிறார்' என்ற ஒரு வாக்கியம் புகார் மனுவில் இல்லாமல் போனதால் நல்ல வழக்குகள்கூட வாசலில் நின்றுவிடக்கூடும். வாக்கியத்தோடு சான்றும் வேண்டும்: பேட்ஜ் உள்ள ஓட்டுநர் உரிமம், சொந்தப் பெயரில் உள்ள துறைமுக நுழைவுச் சீட்டு, டிரிப் ஷீட்டுகள், வேறு வணிக வண்டி எதுவும் தன் பெயரில் இல்லை என்ற பிரமாணம். கம்பெனிப் பெயரில் வாங்கிய கார் என்றாலும் கதவு உடனே மூடிவிடாது. டைம்லர் கிறைஸ்லர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காகக் கம்பெனி வாங்கிய கார் வணிக நோக்கத்துக்கானது அல்ல என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. வண்டி லாப வேலையோடு நேரடியாகத் தொடர்புடையதா என்பதைத்தான் பார்த்தது. மரக்கிடங்கு நடத்துபவர் குடும்பத்தோடு போய்வர வாங்கிய காரை, கடை கணக்கில் காட்டியிருக்கிறார் என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. உண்மையிலேயே வணிக நோக்கம்தான் என்றால், வணிக வழக்குகள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வழக்கின் மதிப்பு குறைந்தது 3 லட்சம் இருக்க வேண்டும். அவசர இடைக்காலத் தடை எதுவும் கேட்கவில்லையென்றால் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போய்வந்த பிறகே வழக்கைப் பதிவுசெய்வார்கள். காலவரம்பு 3 ஆண்டு. ஆணையத்தில் 2 ஆண்டு என்பதால், தவறான கதவைத் தட்டி ஒன்றரை ஆண்டைப் போக்குவது இரண்டு பக்கமும் இழப்பு.

எங்கே, யார் மேல், எவ்வளவு கட்டணம் என்பவை சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியவை. 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் குர்கானில் இருந்தால் என்ன, புனேயில் இருந்தால் என்ன. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை சென்னை மாவட்டம். திருவொற்றியூரும் எண்ணூரும் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து 2018இல் சென்னையோடு சேர்ந்தவை என்பதால் ஆர்.சி.யிலும் ஆதாரிலும் பழைய முகவரி இருக்கலாம். மனுவில் இன்றைய மாவட்டத்தை எழுதுங்கள். மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிக்காரர்கள் இன்னும் திருவள்ளூர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். கேட்கும் நஷ்டஈடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கணக்கில் வராது. ஃபோர்டு எண்டெவர் எரிந்து கணவரை இழந்த ஒருவர் 50 கோடிக்கு மேல் கேட்டு, இந்த விதியையே எதிர்த்துப் போனபோது, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. கட்டணம் 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இணையவழியில் இ-ஜாக்ருதி தளத்தில் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. நோட்டீஸும் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் அனுப்புங்கள், பதில் வராததே ஒரு சாட்சி.

யார் மேல் என்பதில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். டீலரைக் கேட்டால் கம்பெனி என்பார், கம்பெனியைக் கேட்டால் டீலர் என்பார்கள். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே வழி. ஆனால் இருவர் மேலும் ஒரே குற்றச்சாட்டை வைப்பது சரியல்ல. கோவாவில் 2009 மாடல் காரை 2011 மாடலாக ஒரு டீலர் விற்றது தொடர்பாக டாடா மோட்டார்ஸ் தொடுத்த மேல்முறையீட்டில், டீலருக்கும் கம்பெனிக்கும் இருந்தது முதலாளி-முகவர் உறவு அல்ல, இரண்டு தனித்தனி வியாபாரிகளின் உறவு, டீலர் செய்த மோசடி கம்பெனிக்குத் தெரியும் என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. எனவே மனுவிலேயே பிரித்து எழுத வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏர்பேக் போன்ற வடிவமைப்பு, உற்பத்திக் குறை கம்பெனியின் மேல். ஸ்டாக்கில் கிடந்த பழைய வண்டியைப் புதுசு என்றது, யார்டில் அடிபட்டதைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது, சர்வீஸில் அலட்சியம் செய்தது டீலரின் மேல். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்திருக்கிறது. தாமதமாக வந்த பதிலை ஏற்காதே என்று கேட்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. நேரில் வாதாடுபவர்கள் இதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள்.

என்ன கேட்பது என்பதில் அளவு வேண்டும். பிரதானமாக விலையைத் திருப்பிக் கேளுங்கள். அது இல்லையென்றால் வண்டி மாற்று. அதுவும் இல்லையென்றால் குறையுள்ள பாகத்தை மாற்றி வாரண்டியை நீட்டிப்பது என்று படிப்படியாக. கப்கோத்ரா வழக்கை மனத்தில் வைத்து இந்தக் கடைசிப் படியை மனுவில் சேர்த்துவிட்டால், முழு வண்டி கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது. மன உளைச்சலுக்கு இருபது லட்சம் என்று எழுதுவதால் எதுவும் கூடிவிடாது. வண்டி நின்ற நாட்களுக்கான ஓலா, ஆட்டோ ரசீது, டிரெய்லர் ஓடாததால் போன டிரிப், டோ வண்டிக்குக் கொடுத்த பணம் என்று ரசீதோடு காட்டும் எண்பதாயிரம், ரசீதில்லாத இருபது லட்சத்தைவிட ஆணையத்தில் நிற்கும். இ.எம்.ஐ. கட்டுவதை நிறுத்தாதீர்கள். வண்டி பழுது என்பது பைனான்ஸ் கம்பெனியின் பிரச்சினை இல்லை. நாலு தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதோடு வழக்கின் முக்கியமான சாட்சிப் பொருளும் போய்விடும்.

வழக்கு நடக்கும்போது வண்டியை ஓட்டலாமா? நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் உற்பத்திக் குறை எங்கே என்று கம்பெனி கேட்கும், அது வலுவான கேள்விதான். ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரியும் டயரும் போய், பராமரிக்காமல் விட்டதால் பழுது என்பார்கள். பிரேக், ஸ்டீயரிங், தீ பிடிக்கும் அபாயம் போன்ற குறையென்றால் ஓட்டவே கூடாது. அப்படி நிறுத்துவதை அன்றைக்கே எழுத்தில் கம்பெனிக்குச் சொல்லி, ஆணையத்தில் விரைவாகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி மனுப்போட வேண்டும். மற்றக் குறைகளுக்கு, வேறு வண்டி இல்லாததால் குறையோடே ஓட்ட வேண்டியிருக்கிறது என்று கடிதத்தில் பதிவுசெய்துவிட்டு ஓட்டலாம். சர்வீஸை மட்டும் ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாமல் அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே செய்ய வேண்டும். ஷோரூம் வாசலில் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவது கோபத்தைக் காட்டும், வழக்கை வளர்க்காது. நிறுத்திவைத்த நாட்களுக்கு வாடகை கேட்டு எதிர்க்கணக்கு வரும்.

இவ்வளவையும் செய்து ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில், தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; நடப்பில் அது அரிது. ஆனால் தாமதம் இரு தரப்புக்கும் செலவு. மாவட்ட ஆணையத்தில் தோற்ற கம்பெனி 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக, உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். ஜாப் கார்டு அடுக்கு வலுவாக இருக்கும் வழக்கில், மத்தியஸ்தத்துக்கு அனுப்பும் கட்டத்திலேயே சமரசப் பேச்சு வருவது இதனால்தான். அப்போது 'எக்ஸ்டெண்டட் வாரண்டி தருகிறோம், இலவச சர்வீஸ் தருகிறோம்' என்ற வார்த்தைகளுக்கு மயங்க வேண்டாம். பழுதான வண்டிக்கு நீட்டித்த வாரண்டி, அதே கவுன்ட்டரில் இன்னும் இரண்டு வருடம் நிற்கும் உரிமை, அவ்வளவுதான். பணமாக, தேதி குறித்து, ஆணையத்தின் முன் பதிவான ஒப்பந்தமாக வந்தால் கேட்ட தொகையில் கொஞ்சம் குறைந்தாலும் ஏற்பதே பெரும்பாலும் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. வழக்கை ஒரு கொள்கைப் போராக எண்ணுபவர்கள் இதில் மாறுபடுவார்கள். அவர்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது, ஒரே மாடலில் ஒரே குறையைப் போதுமான உரிமையாளர்கள் பதிவுசெய்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். தனி வழக்கோடு அந்தப் பதிவையும் செய்துவைப்பதில் இழப்பு ஏதுமில்லை. கம்பெனி தானாகவே அந்த மாடலைத் திரும்ப அழைத்திருந்தால், அந்த அறிவிப்பைப் போன்ற ஆவணம் வழக்கில் வேறில்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு இவ்வளவும் அப்படியே பொருந்தாது. வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், அவர்கள் கொடுத்த ஆய்வு அறிக்கையும் உத்தரவாதமும் ஜாப் கார்டின் இடத்தில் வரும். வெள்ளத்தில் நின்றதை மறைத்தார்கள் என்றால், பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் பதிவு அதைக் காட்டிக்கொடுக்கும். பக்கத்துத் தெருக்காரரிடம் நேரடியாக வாங்கியது என்றால் அவர் வியாபாரி இல்லை. ஆணையம் கைகொடுக்காது, ஏமாற்றியதை நிரூபிக்க உரிமையியல் நீதிமன்றம்தான்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வராவிட்டால், 71ஆம் பிரிவில் நிறைவேற்று மனு. அதையும் மீறினால் 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரிய கம்பெனிகள் அதுவரை போவதில்லை. ஆனால் பணம் தருவதற்கு முன் வண்டியை ஒப்படைக்கச் சொல்வார்கள். தொகை ஆணையத்தில் கட்டப்பட்டதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். லோன் பாக்கி இருந்தால் அதை அடைத்து, வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடமானப் பதிவை நீக்க வேண்டும். ஃபாஸ்டேகைக் கழற்றி மூடச்சொல்லுங்கள். இன்சூரன்ஸை ஒப்படைக்கும் தேதியோடு முடிக்கச்சொல்லுங்கள். ஒப்படைக்கும் நாளில் ஓடோமீட்டர் அளவு, வண்டியின் நிலை, நேரம் மூன்றையும் குறித்து டீலரின் முத்திரையோடு ஒரு ரசீது வாங்குங்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கும் வரை, அந்த வண்டி எங்காவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிவிட்டதா என்பதைப் பரிவாஹன் தளத்தில் பார்த்து உறுதிசெய்யும் வரை கோப்பை மூடாதீர்கள்.